தனியாக நடத்தி வந்தார்

பிப்ரவரி 4

தங்கைக்கு,

ஜெயித்துவிட்டோம். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் எண்ணைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் பேசியதை மறுநாள் வேறு மாதிரி சொல்வாய். எழுத்தில் இருக்கட்டும்.

நேற்று வாடகைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. பழைய கட்டடத்தை இடித்தபோது கட்டடக்காரர் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாரே, புதுக் கட்டடத்தில் தெருவைப் பார்த்த தரைத்தள அறை, அதே ஒன்பதுக்குப் பதினான்கு அடி தருவதாக, அந்தக் கடிதம் அப்பாவோடு செத்துப்போகவில்லை. வாரிசுகளுக்கு வருகிறது. பதினோரு வருடம் இதற்காக அலைந்திருக்கிறேன், அதில் ஏழு வருடம் அப்பா இல்லாமல். அதே கடிதம் பதினான்கு கடைக்காரர்களிடம் இருந்தது. பதின்மூன்று பேர் அதைப் புன்னகைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டடக்காரரை நான் அப்படித்தான் குறிப்பிடுகிறேன். அந்த ஆள் சிரிக்காமல் யாரையும் ஏமாற்றியதில்லை.

அவருடைய வக்கீல் கடைசி வரை ஒரே பாட்டுதான் பாடினார். இது இறந்தவருக்கு மட்டும் தந்த தனிப்பட்ட உரிமை, ஓட்டுநர் உரிமம் மாதிரி, அப்பன் செத்தால் மகன் அதை வைத்து வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்டார். மூன்று பேர் சிரித்தார்கள். மூவரையும் என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நான் எழுந்து, உரிமம் ஆளைப் பார்த்துத் தருவது, இது இடத்துக்குப் பதிலாகத் தந்த வாக்கு, வாக்குக் கொடுத்தவர் இன்னும் உயிரோடுதானே இருக்கிறார் என்றேன். தீர்ப்பாயத் தலைவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். இருபத்தாறு வருடம் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்ததற்கு அன்றுதான் ஒரு பயன். அந்தக் கல்லூரி எனக்குத் துறைத் தலைவர் பதவி தராததைப் பற்றி இங்கே எழுதவில்லை.

ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. வாரிசு அதே தொழிலை நடத்த வேண்டும், தொண்ணூறு நாளில் திறக்க வேண்டும். தையல் மெஷின் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டால் முடிந்தது.

நாம் இருவர்தான் வாரிசு. உனக்கும் சேர்த்து நானே நடவடிக்கை எடுக்க ஒரு ஒப்புதல் பத்திரம் வைத்திருக்கிறேன். பென்சிலில் புள்ளி வைத்த மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வழக்குக் காகிதங்கள் முழுவதையும் கூடவே அனுப்புகிறேன். நேரம் இருந்தால் படி.

எதிர்மாடியில் நான் எடுத்திருக்கும் அறையின் ஜன்னலிலிருந்து நம் கடை அறையின் ஷட்டர் தெரிகிறது. குளியலறைக் கதவு மூடாது. ஆனால் ஷட்டர் தெரிகிறது.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

நீ அனுப்பிய கட்டு வந்தது. தபால்காரர் இப்போதெல்லாம் உன்னை “ரிஜிஸ்டர் போஸ்ட் அண்ணன்” என்றுதான் சொல்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. போகட்டும், அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

நேரம் இருந்தது. படித்தேன். ஏழாம் பக்கம், நான்காம் பத்தி. நீ சத்தியம் செய்து கொடுத்த பிரமாணப் பத்திரம். “காலஞ்சென்ற என் தந்தை மேற்படி கடையை எவருடைய உதவியும் இன்றித் தனியாக நடத்தி வந்தார்.” தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கீழே உன் கையெழுத்து இருந்தது.

பதினாறு வயதில் அந்தக் கடையில் உட்கார்ந்தேன். கட்டடத்தை இடித்த அன்று எனக்கு முப்பத்தைந்து. பத்தொன்பது வருடம். கடைசி ஆறு வருடம் அப்பாவுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கண் தெரியவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து வந்தவர்களோடு பேசுவார், மெஷின் பின்னால் என்னிடம் வரும். வெளியே போகும்போது அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் “பொண்ணு கூடமாட ஒத்தாசையா இருக்கா” என்பார். ஒரு நாள் இரும்புக் காலோடு ஒரு மெஷின் என் கைமேல் சாய்ந்தது. நடுவிரல் நகம் இன்னும் கோணலாகத்தான் முளைக்கிறது. நீ கடைக்கு எப்போது வருவாய் என்று நினைவிருக்கிறதா? மழை வந்தால், குடை எடுக்க.

உன் காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு இது போதும்.

அந்த வழக்கிலும் அந்த அறையிலும் எனக்கு ஏதாவது பங்கு இருந்தால் அதையும் நீயே எடுத்துக்கொள். இன்றிலிருந்து அது உன்னுடையது. அப்பா தனியாக நடத்தினார், நீயும் தனியாக நடத்து. இனி எனக்கு எந்தக் காகிதமும் அனுப்பாதே.

தங்கை


பிப்ரவரி 15

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது.

கோபப்படும் முன் பழைய வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாம் ஷரத்தைப் படித்திருக்கலாம். வாடகைதாரர் தொழிலை வேறு யார் கையிலாவது விட்டால் அன்றோடு அவர் உரிமை எல்லாம் போய்விடும். மகள்தான் கடையை நடத்தினாள் என்று எழுதியிருந்தால் புன்னகையின் வக்கீல் அதை வைத்தே முதல் நாளில் நம்மை வெளியே தள்ளியிருப்பார். என் வக்கீல் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார், எழுதினேன். உன் விரலை மறந்து எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதினேன்.

உன் கடைசிப் பத்தியைப் பற்றி. அது எழுத்தில் உள்ள, தேதி போட்ட, கையெழுத்திட்ட உரிமை மாற்றம். நான் அனுப்பிய பத்திரத்தைவிட நன்றாக வரைந்திருக்கிறாய். மேல்பாதியில் வெள்ளைக் காகிதம் வைத்து மறைத்து, அந்தப் பத்தியை மட்டும் நான்கு பிரதி எடுத்தேன். தீர்ப்பாயத்துக்கு ஒன்று, புன்னகைக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எல்லாம் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அப்பா தனியாக நடத்தினார் என்று நீயே எழுதியிருப்பது நமக்குக் கூடுதல் சான்று.

கோபத்தில் எழுதினேன் என்று பின்னால் சொல்லாதே. சட்டம் தேதியைத்தான் பார்க்கும்.

அண்ணன்


ஏப்ரல் 2

தங்கைக்கு,

நீ பதில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இது தகவலுக்காக மட்டும்.

புன்னகை ஆட்சேபணை போட்டார். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அது வாரிசு நடத்துவதாகாது என்று. தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டு, எனக்குத் தொழில் தெரியுமா என்று பார்க்க ஓர் ஆய்வாளரை அனுப்புவதாகச் சொன்னது. ஆறு வாரம் அவகாசம். பழைய மெஷின் ஒன்றை வாங்கினேன். ஒரு புத்தகம் வாங்கினேன். எல்லாப் பாகங்களின் பெயரும் எனக்குத் தெரியும். மனப்பாடமாகச் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் ஷட்டரைத் திறந்து உள்ளே ஒரு மேசை போட்டார்கள். சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஆய்வாளர் ஒரு மெஷினை வைத்து, தையல் விட்டு விட்டு விழுகிறது, சரி செய்யுங்கள் என்றார். நான் ஊசியைக் கழற்றினேன், பாபின் கேஸைக் கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றினால் பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுற்றினேன். ஊசி ஒடிந்து எங்கோ பறந்தது. ஆய்வாளர் தரையிலிருந்து துண்டைப் பொறுக்கிக் கையில் கொடுத்தார்.

“சார், ஊசிய திருப்பிப் போட்டிருந்தீங்க” என்றார். கேலியே இல்லை அவர் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை.

வாசலில் புன்னகை தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். “சாருக்குப் படிப்பு ஜாஸ்தி. அதான் கைக்கு இறங்கல” என்றார். இதை நான் எங்கே குறித்து வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

ஆய்வாளரின் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. வாரிசுகளில் தொழில் தெரிந்த வேறு எவராவது இருந்தால் ஏப்ரல் முப்பதுக்குள் முன்வரலாம். இல்லாவிட்டால் அறை கட்டடக்காரருக்கு. நான் உன்னை அழைக்கவில்லை. நீ உன் பங்கை எனக்குத் தந்துவிட்டாய், நான் பெற்றுக்கொண்டேன். ஆனால் நீயாக வருவதானால் வக்கீல் ஏதாவது வழி செய்வார். எங்கே கற்றாய் என்று கேட்டால் இப்போது வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் என்று சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மைதானே.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

அதில் பாதிகூட உண்மை இல்லை. இந்தத் தொழிற்சாலையில் என்னை வேலைக்கு எடுத்ததே நான் கற்றுக்கொண்டு வந்திருந்ததால்தான்.

உன் புன்னகை இங்கே வந்திருந்தார். ஆறு மணி நேரம் ரயிலில் வந்திருக்கிறார். மதிய இடைவேளையில் வாசல் காவலாளி வந்து, உங்களைப் பார்க்க ஒரு பெரிய மனுஷர் வந்திருக்கிறார் என்றார். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்துக் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். அதற்காக இன்னும் என்மேல் எனக்குக் கோபம்.

நீ அனுப்பிய பிரதியைக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக் காகிதத்தின் ஓரம் கறுப்புக் கோடாக விழுந்திருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டினார்.

“அப்பா தனியா நடத்தினார், நீயும் தனியா நடத்து. ஒரு பொம்பளை இப்படி எழுதினா அதுக்கு மேல ஒரு பக்கம் இருக்கும்மா. உங்க அண்ணன் படிச்சவர், அவருக்கு இது புரியல. நான் கடைத்தெருவுல வளர்ந்தவன்.”

நீ கூடுதல் சான்று என்று எழுதினாயே, அது இதுதான்.

அவர் ஒரு பத்திரம் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். “மேற்படி கடையில் பத்தொன்பது ஆண்டுகள் நான் வேலை செய்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் எல்லாப் பழுதுகளையும் நானே பார்த்தேன்.” வருடக் கணக்குகூடச் சரி. பழைய வாடிக்கையாளர்களிடம் விசாரித்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் ஒன்பதாம் ஷரத்து, உன் பொய்ச் சத்தியம், இரண்டையும் வைத்து வழக்கை முடித்துவிடுவார். அதை அவர் மறைக்கவும் இல்லை. “உண்மைய எழுதியிருக்கேன். பொய்யா ஒரு எழுத்து இருந்தா சொல்லுங்க” என்றார்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அண்ணா. எனக்கு வேண்டியிருந்த வாக்கியம் அது. அப்பா எழுதவில்லை, நீ எழுதவில்லை, நம்மை வெளியே தள்ள நினைக்கிறவன் எழுதிக்கொண்டு வந்தான். வாங்கி என் கருவி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த அறை வேண்டும். இங்கே இருநூற்றுப் பத்து மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் சாப்பாடு. ஒரு மெஷினைத் திறந்து நிதானமாகக் காது கொடுத்துக் கேட்க விடமாட்டார்கள். பாகத்தை மாற்று, அடுத்ததற்குப் போ. எனக்கு என் மேசை வேண்டும்.

ஆனால் பொய்யின் பின்வாசல் வழியாக வரமாட்டேன். அந்த வாக்கியத்தை நீ எழுது. சத்தியம் செய்து, அதே தீர்ப்பாயத்தில், அதே பக்கத்துக்குப் பதிலாக.

தங்கை


ஏப்ரல் 13

தங்கைக்கு,

முடியாது.

உணர்ச்சியை விட்டுவிட்டு யோசி. நான் அதை எழுதினால் என்ன நடக்கும்? பொய்ச் சத்தியம் செய்தேன் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். நான் வாரிசாக நிற்கும் தகுதி போகும். ஒன்பதாம் ஷரத்தில் உன்னை ‘வேறு ஆள்’ என்று வைத்துவிட்டால் அப்பாவின் உரிமையே இல்லை என்றாகும். உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பதினோரு வருடத்தில் நான் தீர்ப்பாயப் படியேறிய நாட்கள் நூற்று நாற்பத்து மூன்று. உன் அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போனதே இந்தக் கட்டுகளோடு ஒரே அறையில் படுக்க முடியாது என்றுதான்.

இந்த வழக்கை நடத்தியது யார்? பதின்மூன்று பேர் ஓடியபோது நின்றது யார்? அப்போது உனக்கு உன் பத்தொன்பது வருடம் நினைவில்லையா? வாயைத் திறந்து எனக்கு அறை வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாயா?

புன்னகையின் பத்திரத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு என்னிடம் நிபந்தனை போடுகிறாய். அதற்கு மிரட்டல் என்று பெயர். சொந்தத் தங்கையையும் அந்த நோட்டில் எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

நீ சொன்னது ஒன்று சரி. நீ நின்றாய். மற்றவர்கள் ஓடியபோது நீ மட்டும்தான் நின்றாய். அதை நான் யாரிடமும் குறைத்துச் சொன்னதில்லை. இதையும் எழுத்தில் வைத்துக்கொள்.

வாயைத் திறந்து சொல்லவில்லை, உண்மை. பத்தொன்பது வருடம் கை பேசினால் போதும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு.

மிரட்டல் என்கிறாய். இத்துடன் புன்னகையின் பத்திரம் இருக்கிறது. நடுவில் கிழித்திருக்கிறேன். இரண்டு துண்டும் இதே உறையில். ஒட்டிப் பார்க்காதே, அதில் என் கையெழுத்து இல்லை.

இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. நீ எழுதாவிட்டால் அறை போகும். போகட்டும். எழுதினால் யாரும் உன் கையைப் பிடித்து எழுதவைத்ததாக நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

தங்கை


ஏப்ரல் 29

தங்கைக்கு,

இன்று காலை பதினொன்றரைக்குத் தாக்கல் செய்துவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது.

வக்கீலிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார், தடுத்தால் நான் கேட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. தீர்ப்பாய வாசலில் மரத்தடியில் தட்டச்சு செய்கிற பெண்ணிடம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிக்கவைத்தேன். இரண்டாம் பத்தியில் அவள் நிறுத்திவிட்டாள்.

“சார், இது உங்களுக்கே எதிரா போகுதே. மாத்திச் சொல்றீங்களா?”

“இல்லம்மா. முன்னாடிதான் மாத்திச் சொன்னேன்.”

நான் எழுதியது இது: “நான் முன்பு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தின் நான்காம் பத்தி பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அந்தக் கடையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவள் என் தங்கை. கடைசி ஆறு ஆண்டுகள் கடைக்கு வந்த ஒவ்வொரு மெஷினையும் பழுது பார்த்தவள் அவள். என் தந்தை தனியாக நடத்தவில்லை. அவரால் முடிந்திருக்காது.”

கடைசி வாக்கியத்தைத் தட்டச்சுப் பெண், இது வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். அப்பாமேல் எனக்கு இருந்த ஒரு கோபத்தை எழுத வேறு இடம் கிடைக்கவில்லை.

உன் பிப்ரவரி கடிதத்தையும் முழுதாகச் சேர்த்திருக்கிறேன், மேலே எதையும் வைக்காமல். குடை உட்பட. குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இது மன்னிப்பு அல்ல. நான் மன்னிப்புக் கேட்கிறவன் அல்ல. உண்மையைச் சொன்னேன், இரண்டும் ஒன்றில்லை. நீ எழுதிக் கொடுத்த பங்கைத் திருப்பி உன் பெயருக்கே மாற்றியிருக்கிறேன். என் பாதியையும் சேர்த்தே மாற்றியிருக்கிறேன். அது மிஞ்சினால் உனக்கு.

அண்ணன்


மே 6

அண்ணனுக்கு,

பிரதியைப் படித்தேன். வேலை நேரத்தில் படித்திருக்கக் கூடாது. மேற்பார்வையாளன் வந்து, “என்னக்கா, கண்ணுல எண்ணெய் பட்டுடுச்சா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நானும் என் பங்குக்கு ஒரு மனு போட்டிருக்கிறேன். நான் என் கையால் எழுதியது, ஒன்றரைப் பக்கம். ஜூன் பத்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் பாதியை எனக்கு மாற்றியதாக எழுதியிருக்கிறாய். அதை நான் ஏற்கவில்லை, தீர்ப்பாயத்துக்கும் அப்படியே எழுதிவிட்டேன். நாளைக்கு யாராவது, அண்ணன் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார், அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல நான் இடம் தரமாட்டேன். நான் வேலை செய்த இடம் அது. அதை எனக்குத் தானமாகத் தர உன்னிடமும் இல்லை, அப்பாவிடமும் இருந்ததில்லை.

கோபித்துக்கொள்வாய். கொள்.

தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

உத்தரவு வந்துவிட்டது. உனக்கும் ஒன்று வரும். ஆனால் நீ கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பாய், அதனால் நான் சொல்கிறேன்.

அதற்கு முன் பத்தாம் தேதியைப் பற்றி. நான் பின்வரிசையில் இருந்தேன். நீ பார்த்தாய், பார்க்காத மாதிரி போனாய். அதே ஆய்வாளர், அதே மெஷின். நீ ஊசியைக் கழற்றவே இல்லை. சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, தலையைச் சாய்த்துக் கேட்டாய். பிறகு அடித்தகட்டில் ஒரே ஒரு திருகைத் தளர்த்தி, எதையோ மயிரிழை நகர்த்தி, இறுக்கினாய். தையல் நேராக ஓடியது. ஆறு வாரம் படித்த புத்தகத்தில் அந்தத் திருகின் படம் நாற்பத்தியொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் காது வேண்டும் என்று எழுதவில்லை.

புன்னகையின் வக்கீல் உன் பிப்ரவரி கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். இவள் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டாள், அதற்கு அண்ணனே நான்கு பேருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறார், இனி எந்த உரிமையோடு வந்து நிற்கிறாள் என்று. நான் அந்த ஒப்புகை அட்டைகளை நினைத்துக்கொண்டேன்.

உத்தரவு சொல்வது இது. இந்த உரிமை தொழிலோடு ஒட்டியது. தொழில் தெரியாதவனுக்கு இதை மாற்றிக் கொடுக்க முடியாது. ஆகவே நீ கோபத்தில் எழுதிய மாற்றம் எழுதிய அன்றே செல்லாது. உன்னால் தர முடியாததை நீ தந்தாய், என்னால் வாங்க முடியாததை நான் வாங்கினேன், இந்த நான்கு மாதமும் உன் பங்கு உன்னிடம்தான் இருந்திருக்கிறது. ஒன்பதாம் ஷரத்தைப் பற்றி, கூடவே உட்கார்ந்து வேலை செய்த மகள் ‘வேறு ஆள்’ அல்ல என்று இரண்டே வரி. இந்த இரண்டு வரிக்குப் பயந்துதான் நான் ஏழு வருடம் உன்னை மறைத்து வைத்தேன்.

என்னைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க. “முதல் மனுதாரர் தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்தவர், தொழிலும் அறியாதவர்.” என் பெயரை வழக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். தாமாக முன்வந்து திருத்தியதால் எச்சரிக்கையோடு விடுகிறார்களாம். என்னை எச்சரிக்கிறார்கள்.

வெளியே வரும்போது வக்கீல், உங்க பதினோரு வருஷம் போச்சே சார் என்றார். போகட்டும் என்றேன். அந்த அறைக்குள் புன்னகை போகவில்லை. எனக்கு அது போதும். உனக்காக நான் சந்தோஷப்படுகிறேன் என்று எழுத மாட்டேன். என் பாதியை வேண்டாம் என்றாயே, அதை மறக்கவும் மாட்டேன்.

கவனம்: சாவி தரும்போது ஒரு புது ஒப்பந்தம் நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

அண்ணன்


ஜூலை 3

அண்ணனுக்கு,

இதை அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசை வந்துவிட்டது, விளக்கு நாளைக்கு வரும். எதிர்மாடிக்கு எதற்குத் தபால் என்று கேட்காதே. படியேறி வந்தால் சண்டை போடுவோம், எழுதினால் சொல்ல வேண்டியதை முடித்துவிட்டுச் சண்டை போடலாம்.

நீ சொன்ன மாதிரியே முந்தாநாள் ஒப்பந்தம் நீட்டினார்கள். ஐந்து பக்கம். முழுக்கப் படித்தேன், புன்னகையின் மேலாளர் எதிரே உட்கார்ந்து நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான்காம் பக்கத்தில் இருந்தது: இந்த உரிமை எனக்கு மட்டும் தனிப்பட்டது, என் காலத்தோடு முடிகிறது, யாருக்கும் போகாது, யாருக்கும் மாற்றித் தர முடியாது.

பேனாவை வாங்கி அதைக் கோடு போட்டு அடித்தேன். ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் எழுந்தே விட்டார், அது வழக்கமான வாசகம், அடிக்கக் கூடாது என்றார். தீர்ப்பாயத்தின் உத்தரவில் அந்த வாசகம் இல்லையே, காட்டுங்கள் என்றேன். முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள் என்று கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலை பத்தேகாலுக்கு உட்கார்ந்தவள். மூன்று மணிக்குப் புன்னகையே வந்தார். சிரிக்கவில்லை. உனக்காக உற்றுப் பார்த்தேன், சிரிக்கவே இல்லை.

“உங்களுக்குக் குழந்தை குட்டி கிடையாது. அண்ணனுக்குத் தொழில் தெரியாது. உங்களுக்கு அப்புறம் யாருக்குத் தரப்போறீங்க? எதுக்கு இந்த வீம்பு?”

“அது நான் முடிவு பண்றது.”

“யாரும் இல்லாம முடிவு பண்ணி?”

“யாரும் இல்லேன்னா யாருக்கும் இல்லேன்னு நான் முடிவு பண்ணுவேன். நீங்க பண்ணக் கூடாது.”

நான் அடித்த வரியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துபோனார். சாவியை மேலாளர்தான் கொடுத்தார்.

யாருக்கு என்று எனக்கும் இன்னும் தெரியாது, அண்ணா. உனக்கு இல்லை என்பது மட்டும் தெரியும். மற்றபடி இன்று காலையில் ஒரு பெண் மெஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்டாள்.

வந்தாச்சு, இறக்கி வை என்றேன்.

தங்கை